தோடி அசைகிற மின்கருவிகள்

ஆசிரியருக்கு, வணக்கம்.

மின்சுற்றால் ஒலியை உருவாக்கும் பழைய சிந்தசைசர்களை இன்றைய இசைக்கலைஞர்கள் தேடித் தேடி வாங்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பழமை மீதுள்ள ஏக்கம்தான் காரணம் என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்துத் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுவோடு கீபோர்டு வாசிக்கும் எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் கருவிகளில் கைக்கு வேலை இருக்கிறது. அதற்காகத்தான் தேடுகிறார்கள்.

1920 வாக்கில் ரஷ்யாவில் லியோன் தெரமின் உருவாக்கிய, அவர் பெயரிலேயே தெரமின் என்று வழங்கும் கருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே மின் அதிர்வை எழுப்பும் ஆசிலேட்டர் சுற்றுகள் இரண்டு, காதுக்கு எட்டாத உயர்ந்த அதிர்வில் ஓடும். ஒன்று மாறாது. மற்றது, ஆன்டெனா பக்கம் கை வரும்போது கொஞ்சம் மாறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸ்வரமாகக் கேட்கிறது. வலது கை ஸ்ருதிக்கு, இடது கை ஒலியளவுக்கு. எதையும் தொடுவதே கிடையாது. 1928-ல் பிரான்சில் மோரிஸ் மார்த்தனோ அறிமுகப்படுத்திய கருவியில், விரலில் ஒரு வளையத்தை மாட்டி, அதோடு சேர்ந்த கம்பியை இழுத்தபடி ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிப் போகலாம். ரேடியோஹெட் என்ற ஆங்கில ராக் குழுவின் ஜானி கிரீன்வுட் நம் காலத்தில் அதை விரும்பி வாசிக்கிறார்.

நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைக் கொண்டாடும் ஊர்கள் நம்முடையவை. தோடியின் காந்தார ஸ்வரம் அசையாமல் நின்றால் அது தோடியே இல்லை. சாதாரண கீபோர்டில் கட்டையை அழுத்தினால் ஸ்வரம் அங்கேயே நின்றுவிடும். பக்கத்தில் உள்ள, ஸ்ருதியை ஏற்றி இறக்கும் பிட்ச் வீலை இடது கையால் உருட்டித்தான் ஸ்வரத்தின் அசைவை, அதாவது கமகத்தை, ஓரளவு கொண்டுவருகிறேன். அந்தச் சக்கரமும் 1970-ல் வந்த மினிமூக் என்ற சிந்தசைசரில் இருந்ததுதான்.

அப்புறம், மின்சுற்றிலேயே நேராக ஒலி எழுப்பும் பழைய அனலாக் கருவிகள் சூடேறும் வரை ஸ்ருதி நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரே கட்டையைத் திரும்ப அழுத்தினாலும் ஒலி அச்சடித்தாற்போல் வராது. இதைக் குறை என்று தள்ளக் கூடாது. நாகஸ்வரக்காரர் வாயில் வைத்து ஊதும் சீவாளியை நனைத்து, ஊதிப் பார்த்து வழிக்குக் கொண்டுவருவதைப் போலத்தான் இதுவும்.

நம் நாட்டுக்கும் இதெல்லாம் புதிதில்லை. 1954-ல் வந்த 'நாகின்' இந்திப் படத்தின் மகுடி ஒலி, கிளாவியோலின் என்ற மின்கருவியில் கல்யாண்ஜி வாசித்தது. 1947-ல் பிரான்சில் உருவான கருவி அது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு 1969-லேயே மூக் சிந்தசைசர் வந்துவிட்டது. நம் பக்கம் வந்து சேர்ந்த பழைய கீபோர்டுகளோ, கெபாசிட்டர் என்ற சின்ன பாகம் ஒன்று போனதற்காகப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போகின்றன. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

அசல் மினிமூக் இன்று லட்சங்களில் விலை போகிறது. அது நம்மால் ஆகாது, சரி. ஆனால் தெரமின் அப்படியில்லை. எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பாலிடெக்னிக் மாணவர்கள் தாங்களே செய்துவிடக்கூடிய சர்க்யூட் அது. திருவையாறு அரசு இசைக் கல்லூரியும் டெல்டா மாவட்டங்களின் அரசு இசைப்பள்ளிகளும் பக்கத்திலுள்ள பாலிடெக்னிக்குகளோடு சேர்ந்து, ஆளுக்கு ஒரு தெரமினாவது செய்து வைக்க வேண்டும். சாலிடர் பிடிக்கத் தெரிந்த பிள்ளையும் கமகம் தெரிந்த பிள்ளையும் ஒரே மேசையில் உட்காரட்டும். வாய்ப்பாட்டும் வீணையும் பயின்ற பிள்ளைகளின் காதும் கையும் இந்தக் கருவிக்கு ஏற்கெனவே தயாராக இருக்கின்றன. தை மாதம் தியாகராஜர் ஆராதனைக்கு வருகிற வித்வான்கள் அதை ஒருமுறை வாசித்துப் பார்த்து, எது சரிப்படுகிறது, எது சரிப்படவில்லை என்று மாணவர்களுக்குச் சொன்னால் அடுத்த கருவி இன்னும் நன்றாக அமையும். இந்தக் கருவிகள் வேலை செய்யும் விதத்தைப் படங்களோடு எளிய தமிழில் ஒரு தொடராக நீங்கள் வெளியிட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்.