காலியாகக் கிடந்த 20 லாம்டாக்கள்

மஞ்சக்குப்பம், கடலூர்.

அன்புள்ள தமிழ்ச்செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததைப் படித்த பிறகுதான் நிம்மதியாக இருந்தது. இந்தப் பருவத்தில் ஒளியிழைத் தொடர்புப் பாடம் நடத்துவதாகவும், மாணவர்களிடம் சொல்வதற்குக் களத்திலிருந்து ஏதாவது வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். ஆறு மாதமாக என் இரவுகளையெல்லாம் எடுத்துக்கொண்டிருப்பது அந்த வேலைதான் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

கடலூர், புதுச்சேரி, விழுப்புரம், பண்ருட்டி ஆகிய நான்கு ஊர்களையும் சுற்றி எங்கள் ஃபைபர் வளையம் ஓடுகிறது. ஓர் இழையில் ஒன்றோடொன்று கலக்காமல் ஓடும், எண்ணிட்ட 40 ஒளி அலைநீளங்கள். நாங்கள் லாம்டா என்போம். ஒவ்வொன்றும் நொடிக்கு 10 ஜிகாபிட் சுமக்கும். தை மாதத்தில் ஒரு வாடிக்கையாளர் கடலூரிலிருந்து விழுப்புரத்துக்குத் தனி லாம்டா கேட்டபோது, இடமில்லை, புதிய இழைதான் போட வேண்டும் என்று குறிப்பு எழுதப்பட்டுவிட்டது. எனக்கு நம்பிக்கை வராததால் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடலூர்–புதுச்சேரி தடத்தில் 11 லாம்டாக்கள் காலி. புதுச்சேரி–விழுப்புரம் தடத்தில் 9 காலி. ஆனால் இரண்டிலும் ஒரே எண்ணில் காலியாக இருந்தது ஒன்றுகூட இல்லை. பண்ருட்டி வழியிலும் இதே நிலைமைதான். நடுவில் அலைநீளத்தை மாற்றித்தரும் கருவி இல்லாத வளையத்தில், புறப்பட்ட லாம்டாவிலேயே ஒளி போய்ச் சேர வேண்டும். ஆகவே அந்த 20 இடங்களும் இருந்தும் பயனில்லாமல் கிடந்தன.

பல ஆண்டுகளாகக் கேட்டவர்களுக்குக் கைக்கு வந்த எண்ணைக் கொடுத்ததன் விளைவு இது. வழி முழுவதும் காலியாக உள்ளவற்றில் மிகச் சிறிய எண்ணையே கொடுப்பது என்ற விதியைப் பின்பற்றியிருந்தால், பெரிய எண்கள் பெரும்பாலும் எல்லாத் தடங்களிலும் சேர்ந்தே காலியாக இருந்திருக்கும். மிகக் குறைந்த அலைநீளங்களில் எல்லா வழிகளையும் அடக்குவது, புள்ளிகளும் கோடுகளுமான ஒரு படத்தில் கோட்டால் இணைந்த புள்ளிகளுக்கு வெவ்வேறு நிறம் தீட்டும் கணக்கைப் போன்றே கடினமானது என்பதை கிளாம்டாக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1992-இல் காட்டினார்கள். மிகச் சரியான விடை எளிதில் கிடைக்காது என்பதற்காக ஒழுங்கே வேண்டாம் என்று இருந்துவிட முடியுமா? இதை உன் மாணவர்களிடம் அழுத்திச் சொல்.

அடுத்து, ஒவ்வொரு லாம்டாவுக்குள்ளும் என்ன போகிறது என்று பார்த்தேன். நான்கு லாம்டாக்களில் 3, 2, 2, 1 என்று 1 ஜிகாபிட் இணைப்புகள் மட்டுமே இருந்தன. பண்ருட்டியிலிருந்து நான்கு லாரிகள் கால் பங்குப் பலாப்பழத்தோடு கிளம்பியது போலத்தான். ஒரு 10 ஜிகாபிட் லாம்டாவில் அப்படிப்பட்ட இணைப்புகள் எட்டு அடங்கும். எட்டையும் ஒன்றில் கட்டிவிட்டால் மூன்று லாம்டாக்கள் விடுதலையாகும். ஆனால் கட்டுவதற்கும் பிரிப்பதற்கும் ஒளியை மின்குறியாக மாற்ற வேண்டும்; அதற்குக் கார்டும் மின்சாரமும் செலவாகும். அதைவிடப் பெரிய கவலை, ஒரு லாம்டா போனால் எட்டு வாடிக்கையாளர்களும் சேர்ந்தே போவார்கள் என்பது.

இந்தக் கவலை வீணானதல்ல என்பதை மாசியில் கண்ணால் பார்த்தேன். வளையத்தில் ஒரு பக்கம் அறுந்தால் 50 மில்லி நொடிக்குள் தரவு டிராஃபிக் மறுபக்கம் திரும்ப வேண்டும், அதற்காகத்தானே வளையம்? அன்று காலை வடிகாலுக்குப் பள்ளம் தோண்டிய பொக்லைன் பட்டு இரண்டு பக்கமும் ஒன்றாக விழுந்தன. இழைக்குள் ஒளியை அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்து அறுந்த இடத்தின் தூரத்தைக் காட்டும் ஓடிடிஆர் கருவியை மாட்டிப் பார்த்தேன். புதுச்சேரி இழையின் கோடு 214 மீட்டரில் செங்குத்தாக விழுந்தது. பண்ருட்டி இழையின் கோடும் அதே 214-இல் விழுந்தது. நிலையத்தை விட்டு வெளியேறும் முதல் 300 மீட்டருக்கு இரண்டு கேபிள்களும் ஒரே குழாயில் படுத்திருந்தது எந்த வரைபடத்திலும் இல்லை. தார்ப்பாயை விரித்து, சேற்றுக்கு நடுவில் நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று ஒவ்வோர் இழையாகத் துடைத்து, முனைகளை ஒட்டி ஸ்ப்ளைஸ் செய்து முடித்தபோது மாலை ஐந்தாகிவிட்டது. அந்த எட்டு இணைப்புகளை நான் முன்பே ஒன்றாகக் கட்டியிருந்தாலும் கட்டாமல் இருந்திருந்தாலும் அன்று வித்தியாசம் இருந்திருக்காது என்பதுதான் என்னை மிகவும் வருத்தியது.

அதனால் வரிசையை மாற்றிக்கொண்டேன். பண்ருட்டிக் கேபிளுக்கு நிலையத்தின் பின்வாசல் வழியாகத் தனிக் குழாய் போட ஒப்புதல் வாங்கி, அது முடிந்த பிறகே லாம்டாக்களை ஒன்றுசேர்க்கத் தொடங்கினேன். இரவு இரண்டு மணிக்குப் புதிய வழியை முதலில் எழுப்பி, பிழை எண்ணிக்கை சுழியத்தில் நிற்கிறதா என்று பார்த்து, டிராஃபிக்கை அதன்மேல் ஏற்றிய பிறகு பழையதை விடுவிக்கிறோம். இதுவரை ஐந்து இணைப்புகள் மாறிவிட்டன. அந்த வாடிக்கையாளருக்குச் சென்ற வாரம் 17-ஆம் லாம்டாவைக் கொடுத்துவிட்டேன். புதிய இழை போடவில்லை.

எங்கள் வளையத்தின் ஒதுக்கீட்டுப் பட்டியலைப் பெயர்களை நீக்கி, எண்களாக மட்டும் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். மீதமுள்ள மூன்றையும் எந்த வரிசையில் நகர்த்தினால் குறைந்த தடவை மாற்ற வேண்டிவரும் என்று உன் மாணவர்களைக் கணக்கிடச் சொல். அடுத்த இரவு வேலை வெள்ளிக்கிழமை. அதற்கு முன் அவர்களுடைய விடை வந்தால் என் விடையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே கை வைப்பேன்.

அன்புடன்,
உன் கலைவாணி