ரோஸ் ஹில்லிலிருந்து அம்மாவுக்கு

ரோஸ் ஹில், மொரிஷியஸ்
ஆடி வெள்ளி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். வந்து 3 மாதம் ஆகிவிட்டது. போனில் சொல்லாததை இதில் எழுதுகிறேன்.

முதல் மாதம் ரொம்பத் தடுமாறிப் போனேன் அம்மா. அங்கே பால்காரர் மணி, நீ வாசல் தெளிக்கிற சத்தம், குக்கர் விசில் எல்லாம் சேர்ந்து என்னை எழுப்பிக் குளிக்க வைத்து பஸ் ஏற்றிவிட்டன. இந்த அடுக்குமாடியில் ஒரு சத்தமும் கிடையாது. நமக்கு ஆடிக்காற்று, இவர்களுக்கோ இது குளிர்காலம், 6.30 தாண்டித்தான் சூரியன் தலைகாட்டுகிறது. இரண்டு தடவை வேலைக்குத் தாமதமாகப் போய்த் தலைகுனிந்து நின்றேன். தைராய்டு மாத்திரையும் பல நாள் விட்டுப்போயிற்று.

எழுந்திரு, குளி, சாப்பிடு, துணி துவை என்று போனில் 11 அலாரம் வைத்தேன். நாலே நாளில் காது பழகிவிட்டது, தூக்கத்திலேயே அணைத்துவிடுவேன். இப்போது 2 தான். படுக்கப்போகும்போது போனை அடுப்படி மேடையில் வைக்கிறேன். பக்கத்தில் மாத்திரை டப்பா, நீ கொடுத்துவிட்ட எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர். 5.30க்கு அடித்தால் எழுந்து நடந்து போய்த்தான் நிறுத்த வேண்டும். போன கையோடு மாத்திரை. அதை வெறும் வயிற்றில் போட்டு அரை மணி நேரமாவது கழித்துத்தான் காபி குடிக்க வேண்டும் இல்லையா? அதற்காக 6 மணிக்கு இரண்டாவது அலாரம், பேரே ‘காபி’. அதற்குள் குளித்து விளக்கேற்றிவிடுகிறேன். பிறகு போர்ட் லூயிக்கு மெட்ரோ.

இங்கே ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது அம்மா! கடையில் மீதிச் சில்லறை வாங்கும்போதெல்லாம் ஒரு நொடி நின்று பார்க்கிறேன்.

உன்னைக் கூப்பிடத்தான் முதலில் அலாரத்தை 8.30க்கு வைத்திருந்தேன். இந்த ஊர் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். எனக்கு 8.30 என்றால் உனக்குப் பத்து. அந்த வாரம் முழுக்க நீ தூக்கக் கலக்கத்தோடு பேசினாய், பாவம். இப்போது போன் காலண்டரில் இந்திய நேரம் 8.30 என்றே குறித்துவிட்டேன். இங்கே சரியாக 7 மணிக்கு நினைவுபடுத்துகிறது.

நீ பிரஷர் மாத்திரையை மறந்துவிடுகிறாய் என்று தம்பி சொன்னான். இனி ராத்திரி 8.30க்கு போன் அடித்தால் நான்தான். மாத்திரையையும் தண்ணீரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடு. நீ விழுங்கிய பிறகு பேசலாம்.

உன் அன்பு மகள்