அப்பாவுக்காக வந்த எல்லோருக்கும்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், உச்சிப்புளிப் பக்கத்து அண்ணன்மார், அக்காமார், மதினிமார், அப்பாவின் மாணவர்கள் அனைவருக்கும் மூத்த மகள் எழுதுவது.

அக்னி தீர்த்தக் கரையில் அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. பந்தல் பிரித்தாயிற்று. வீடு வீடாக வந்து நன்றி சொல்லியிருக்க வேண்டும். அம்மாவைத் தனியே விட்டு நகர முடியவில்லை, அதனால் இந்த மடல்.

முதலில் ஆட்டோ அண்ணனுக்கு. ஒன்பது மாதம், வாரத்துக்கு இரண்டு தடவை, விடியற்காலை நாலரைக்கு வாசலில் வந்து நின்றீர்கள். டயாலிசிஸ் முடிகிற வரை ராமநாதபுரத்திலேயே காத்திருந்து, அப்பாவைக் கைத்தாங்கலாக வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டீர்கள். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கியதும், "ஒரு தடவை கடலைத் தாண்டிட்டு வரணும்" என்று அப்பா கேட்டார். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றதிலிருந்து அவருக்கு அந்த ஏக்கம் இருந்தது. நீங்களும் இரண்டு மாணவர்களும் அவரை மண்டபம் ஸ்டேஷனில் ஏற்றி ராமேஸ்வரம் வரை கூட்டிப் போனீர்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து தனுஷ்கோடி இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டே வந்தாராம். நீங்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அந்தத் திசையில்தான் எங்கள் தாத்தாவின் மளிகைக் கடை இருந்தது. கப்பல் ஏற வருகிறவர்களுக்கு அரிசி, கருப்பட்டி, கருவாடு விற்ற கடை. 1957 ஏப்ரலில் அணா போய் நயா பைசா வந்தபோது அப்பாவுக்குப் பத்து வயது. ரூபாய்க்குப் பதினாறு அணா என்று எழுதிப் பழகிய தாத்தாவுக்கு, பழைய பாக்கிகளையெல்லாம் நூறு பைசாக் கணக்குக்கு மாற்றிக் கொடுத்தது அவர்தான். 1964 டிசம்பர் 22 ராத்திரி வந்த புயலில் கடையும் போயிற்று, கொடுக்கல் வாங்கல் எழுதி வைத்த பேரேடும் போயிற்று. அத்தை பிறந்திருந்ததால் வீட்டார் உச்சிப்புளியில் இருந்தார்கள், உயிர் தப்பினார்கள். அப்பா மதுரையில் விடுதியில் இருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை அப்பா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். தாத்தா தான் கொடுக்க வேண்டியதை ஞாபகத்திலிருந்து ஒரு தாளில் எழுதி, நாலு வருஷத்தில் அடைத்து முடித்தார். வர வேண்டியதை யாரிடமும் கேட்கவில்லை. எல்லாம் இழந்து முகாமில் கிடந்த ஆட்களில் சிலர் அவர்களாகவே தேடி வந்து, "உங்க புத்தகத்துல என் பேர்ல இவ்வளவு இருந்துச்சு" என்று கொடுத்துவிட்டுப் போனார்களாம். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வணிகவியல் படிப்பது என்று அப்பா முடிவு செய்தார்.

முப்பத்து மூன்று வருடம் கணக்குப்பதிவியல் நடத்தினார். "பெறுபவர் பற்று, தருபவர் வரவு" என்று அவர் குரலில் கேட்டவர்கள் இந்தக் கடற்கரை முழுக்க இருக்கிறீர்கள். பற்று மொத்தமும் வரவு மொத்தமும் ஒத்துவருகிறதா என்று பார்க்கிற இருப்பாய்வு டேலி ஆகாமல் முழிக்கிற பிள்ளையிடம், வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்க்கச் சொல்வார். மீதியில்லாமல் வகுபட்டால், 540ஐ 450 என்று எழுதினது மாதிரி எங்கேயோ இலக்கம் இடம் மாறியிருக்கலாம். இரண்டால் வகுபட்டால், அந்தப் பாதித் தொகை பற்றுக்குப் பதில் வரவில் ஏறியிருக்கிறதா என்று பார். இதெல்லாம் செய்யாமல் வித்தியாசத்தை, யாருடையது எதற்கானது என்று தெரியாத தொகையைப் போட்டு வைக்கிற அனாமத்துக் கணக்கில் தள்ளிவிட்டுப் போகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. "அனாமத்த வச்சுக்கிட்டு எப்படிம்மா தூக்கம் வருது?" என்பார்.

வீட்டில் அவர் வேறு ஆள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் இரவுப் பணி. காலையில் எனக்கும் தங்கைக்கும் தலை பின்னிவிட்டது அப்பாதான். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல வகிடு எடுப்பார். மீன் வாங்குவதும் அவர்தான், நகரை என்றால் உயிர். கடைசி மாதங்களில் உப்பும் தண்ணீரும் அளந்து கொடுக்க வேண்டியிருந்தது. எங்களுக்கு அதுதான் பெரிய கஷ்டம். அவர் ஒரு நாளும் அதைப் பற்றிக் குறை சொல்லவில்லை.

பாசி எடுக்கப் போகிற அக்காமாருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஓய்வு பெற்ற பிறகு அப்பா உங்களுக்கு நோட்டுப் போடச் சொல்லிக் கொடுத்தார். மரிக்கொழுந்துப் பாசி எத்தனை கிலோ, காய்ந்த பிறகு எவ்வளவு, வியாபாரி சீட்டில் எழுதினது எவ்வளவு என்று மூன்று பத்தி. அவர் போன அன்றைக்கு நீங்கள் கடலுக்குப் போகவில்லை. விரலில் சுற்றின துணியைக்கூட அவிழ்க்காமல் வந்து நின்ற அக்காவை மறக்க மாட்டேன். பதினாறு நாளும் எங்கள் அடுப்படியைப் பார்த்துக்கொண்டது நீங்கள். பக்கத்து வீட்டுப் பாய் குடும்பம் மூன்று நாள் எங்கள் வீட்டில் உலை வைக்க விடவில்லை. துபாயிலிருந்து பணம் அனுப்பிய கீழக்கரை மாணவர்களுக்கும், இரவில் வந்து ஊசி போட்ட செவிலியர் தங்கைக்கும், பந்தல்காரத் தம்பிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

காரியம் முடிந்த மறுநாள் அந்த அக்காமாரில் இரண்டு பேர் நாற்பது பக்க நோட்டு ஒன்றை அம்மா கையில் கொடுத்தார்கள். எங்களுக்குத் தெரியாமலே எல்லாக் கணக்கையும் எழுதி வைத்திருக்கிறார்கள். இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. அரிசி, விறகு, வாழை இலை, ஐயருக்கு, வேனுக்கு, பூவுக்கு. கடைசியில் கையிருப்பு 1,365 ரூபாய், ஒரு கவரில். இரண்டு பக்கமும் டேலி. அம்மா அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வெளியே வந்தது.

அந்த நோட்டில் ஒரே ஒரு வரி மட்டும் பாக்கி இருக்கிறது. மூன்றாம் நாள் சாயங்காலம் தலையில் துண்டு கட்டின பெரியவர் ஒருவர் 2,000 ரூபாயை அக்கா கையில் திணித்துவிட்டு, "வாத்தியார் எங்க படகுப் பங்குக் கணக்கைச் சரிபண்ணிக் கொடுத்தாரு" என்று மட்டும் சொல்லிப் போயிருக்கிறார். பெயர் தெரியாததால் அக்கா அதை "அனாமத்து" என்று எழுதியிருக்கிறாள். அய்யா, இது உங்கள் காதுக்கு எட்டினால் ஒரு தடவை வீட்டுக்கு வாருங்கள். சாயங்காலத்தில் அம்மா திண்ணையில்தான் இருப்பார். உங்கள் பெயரை அந்த வரியில் எழுத வேண்டும்.