ஆமைக்கு லீவு கிடையாது

அக்கா,

தை பிறந்துவிட்டது. ராத்திரியில் கடற்கரையோரம் நடந்து, ஆமை முட்டைகளைத் தேடி எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்க்கும் நம் ஆமை நடைக்கு ஆள் சேர்க்கும் அறிவிப்பையும் பார்த்தேன். வருகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் பேச வேண்டும். நேரில் என்றால் நீங்கள் ஃபிளாஸ்கைத் திறந்து சுக்குக் காபியை நீட்டுவீர்கள், நான் வாயை மூடிக்கொள்வேன். அதனால்தான் கடிதம்.

நான் நடைக்கு வராமல் நின்றுவிட்டதற்கு ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். 2025 ஜனவரியில் செத்து ஒதுங்கிய ஆமைகளைப் பார்த்து மனம் உடைந்துவிட்டதாம். 1000-க்கும் மேல் என்று செய்தி வந்த மாதம் அது. கேட்கக் கௌரவமாக இருந்ததால் நானும் மறுக்கவில்லை. உண்மையில் அந்த மாதம் நன்றாகத்தான் இருந்தேன். வீங்கிய கழுத்தும் பிதுங்கிய கண்ணுமாகக் கிடந்தவற்றை அளந்து எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து குளித்து இட்லி சாப்பிட்டேன். இழுவலையில் மாட்டினால் மூச்சு விட மேலே வர முடியாமல் மூழ்கித்தான் சாகும் என்று டிவிக்காரர்களிடம் அலுக்காமல் விளக்கினேன்.

கெட்டது அப்புறம்தான். மாசிக் கடைசி, கொட்டிவாக்கம்.

மணி மூன்றிருக்கும். நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். அலையிலிருந்து மேலேறித் திரும்பி இறங்கிய ஆமைத் தடம், ஈரம்கூடக் காயவில்லை. முட்டைக் குழியைத் தேடிக் குச்சியால் குத்திக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் பொசுக்கென்று இறங்கியது. பல ராத்திரி வெறுங்கையோடு நடந்தால்தான் இப்படி ஒன்று கிடைக்கும். எனக்கு வந்த நினைப்பு என்ன தெரியுமா? ஐயோ, இதைத் தோண்டணுமே. தோண்டணும், எண்ணணும், புரட்டாமல் பையில் அடுக்கணும், பெசன்ட் நகர் வரை தூக்கணும், பொரிப்பகத்தில் மறுபடி ஒன்றரை அடிக் குழி வெட்டணும். தடத்தைக் காலால் கலைத்துவிட்டால் பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியவா போகிறது? கால் எழும்பிவிட்டது.

அப்போதுதான் நீங்கள் வந்து நின்றீர்கள். என் காலைப் பார்த்தீர்கள். ஒன்றும் சொல்லாமல் மண்டியிட்டு, தோள் வரை கையை விட்டு, ஒவ்வொரு முட்டையாக எடுத்து நீட்டினீர்கள். பிங்பாங் பந்து மாதிரி, கோழை ஒட்டிய ஈரத்தோடு. நூற்றுச் சொச்சம். கடைசியில் உங்கள் துண்டால் என் கையைத் துடைத்துவிட்டீர்கள். அந்த ஒரு செயலுக்காக ஆயுசு முழுக்க உங்கள் பின்னால் நடக்கலாம் என்று தோன்றியது.

அடுத்த வாரப் பட்டியலில், நடையை நடத்த என் பெயர். முன்னைவிட அதிக ராத்திரி. பார்த்துவிட்டும் போட்டீர்கள் அக்கா. எல்லார் முன்னாலும் 'ஆமைக்கு லீவு கிடையாது' என்றது பெரிதில்லை. இதுதான் இன்னும் ஆறவில்லை. அன்றைக்கு வேறு யார் என்ன பேசினார்கள் என்பது இங்கே வேண்டாம். நம் ஆட்களும் படிப்பார்கள்.

நீங்கள் அனுப்பிய பர்ன் அவுட் கட்டுரையைப் படித்தேன். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அதை நோய் என்று சொல்லாமல், வேலையால் வரும் நிலை என்றுதான் வகைப்படுத்தியதாம். சக்தி வற்றுவது, வேலைமேல் கசப்பு, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம். மூன்றும் எனக்கு இருந்தன. ஆனால் வேலை தவிர்த்த வாழ்க்கைக்கு இதைப் பொருத்தக்கூடாது என்றும் அதே வரையறை சொல்கிறது. சம்பளமே வாங்காத என்னை எங்கே சேர்ப்பார்களோ!

சொல்லாமல் நின்றதற்கு மன்னியுங்கள். சொல்லியிருந்தால் நிற்க விட்டிருக்க மாட்டீர்கள், அதுவும் நிஜம். ஓய்வு எடுத்தால் சரியாகிவிடும் என்பார்கள். தூங்கித் தூங்கி எழுந்தேன், அலுப்புதான் மிச்சம். கடற்கரைச் சாலையைத் தவிர்த்து ஊரைச் சுற்றிக்கொண்டு போனேன். போன மாதம் ஈசிஆர் பக்கம் ஒரு வீட்டு மொட்டை மாடியில், கடலைப் பார்த்து ஃபோகஸ் லைட் எரிந்துகொண்டிருந்தது. குஞ்சு பொரித்தால் கடலை விட்டு நேரே இங்கேதானே வரும் என்று பற்றிக்கொண்டு வந்தது. காலிங் பெல்லை அடித்துச் சண்டை போட்டேன். வீட்டுக்காரர் விளக்கை அணைத்துவிட்டு, தண்ணீர் வேண்டுமா என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று நன்றாகப் பசித்தது.

சனிக்கிழமை மட்டும் வருகிறேன். நடையை நடத்த மாட்டேன். செத்ததை எண்ணும் நோட்டு என் கைக்கு வரக்கூடாது. யாராவது காலைத் தூக்கினால், அந்த வாரம் அவர்களை வீட்டுக்கு அனுப்புங்கள். சரிப்படாது என்றால் குரூப்பில் போடாதீர்கள், போன் பண்ணுங்கள். ஊரறிய எழுதிவிட்டு இப்படிக் கேட்பது நியாயமில்லைதான். இருந்தாலும் கேட்கிறேன்.