முன்னால் நிற்கும் கேள்விக்குறி

மேற்கு மாம்பலம்,
மே 14, காலை 6.30

அன்புள்ள பார்வதி,

போன வாரம் ராத்திரி போனில் பேசும்போது, “ஏட்டி, அழுதியா?” என்று மூன்று தடவை கேட்டாய். இல்லை என்று நான் சொன்னதை நீ நம்பவில்லை. நிஜமாகவே அழவில்லை. எட்டு மணிக்கு மேல் என் குரல் இப்போது அப்படித்தான் வருகிறது. மூக்கால் பேசுகிற மாதிரி, வாயில் பாக்கை அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி. அதைப் போனிலேயே விளக்கப் போனால் இன்னும் குழறும், நீ அடுத்த நெல்லை எக்ஸ்பிரசில் ஏறி வந்து நிற்பாய். அதனால்தான் வெகுகாலத்துக்குப் பிறகு பேனாவை எடுத்திருக்கிறேன். காலையில் நான் பழைய ஆள்தான். கையெழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும்.

முதலில் உன் சங்கதி. முழங்கால் ஆபரேஷன் வேண்டாம் என்று அம்மா சொன்னதை நீ ஏற்றுக்கொண்டது சரிதான். 83 வயதில் அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். உன் அண்ணன் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. ரிட்டயர் ஆன பிறகும் ஸ்கூலுக்குக் கிளம்புகிறவள் மாதிரி ஏழு மணிக்குள் புடவை கட்டி உட்கார்ந்துவிடுகிறேன் என்றாயே, அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். நீ அனுப்பிய கருப்பட்டியும் வந்து சேர்ந்தது. அதைப் பற்றிக் கடைசியில்.

இனி என் கதை. தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் ஆரம்பித்தது. ஆபீசில் பத்தாம் வகுப்புக் கைடு ஒன்றுக்குப் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் நாலரை இருக்கும். வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏற ஆரம்பித்தன. ஒவ்வொரு எழுத்துக்கும் தோளில் இன்னொரு எழுத்து, கொஞ்சம் சாய்ந்து, வெளிறிப்போய். ஒற்று மிகும் இடம், மிகா இடம் என்று பார்த்தே முப்பது வருஷம் பிழைப்பு நடத்தியவளுக்கு எல்லா இடத்திலும் ஒற்று மிகுந்தால் எப்படி இருக்கும்? பிரிண்டர் கோளாறு என்று நினைத்து டிடிபி பையனைத் திட்டினேன். அவன் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “மேடம், நல்லாத்தானே இருக்கு” என்றான். மறுநாள் காலையில் அதே தாளை எடுத்துப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்தது.

ஏழு மாதமாக என்னை அலையவிட்டது இந்தக் காலைதான். சாயங்காலம் திருவல்லிக்கேணியில் நின்றால் பஸ் நெற்றியில் இருக்கும் நம்பர் இரண்டு அடுக்காகத் தெரியும். ராத்திரி சப்பாத்தியை மெல்ல ஆரம்பித்தால் பாதியில் தாடை நின்றுவிடும். கையால் மோவாயைத் தாங்கிக்கொண்டு மிச்சத்தை மெல்லுவேன். தீபாவளி முறுக்கு வாயிலேயே ஊறிக் கரைய வேண்டியிருந்தது. ஆனால் பெரிய ஆஸ்பத்திரிகளில் ஓ.பி. காலையில்தானே? அடித்துப்பிடித்து ஏழு மணிக்கே போய் டோக்கன் வாங்கி, பத்து மணிக்கு டாக்டர் முன்னால் உட்காரும்போது எனக்கு ஒன்றுமே இருக்காது. கையைத் தூக்கு, தூக்குவேன். கண்ணை உருட்டு, உருட்டுவேன்.

கண் டாக்டர் கண்ணாடி பவரை மாற்றினார். 4,200 ரூபாய். ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகத் தெரிகிறதா, மூடினாலும் இரண்டாகவே தெரிகிறதா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ஒரு கண்ணை மூடியதும் சரியாகிவிட்டால் கோளாறு லென்சில் இல்லை, இரண்டு கண்ணும் சேர்ந்து திரும்புவதில் இருக்கிறது என்று அர்த்தமாம். அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் கண்ணாடிக் காசாவது மிஞ்சியிருக்கும். அடுத்தவர் சர்க்கரை, தைராய்டு, பி12 எல்லாம் பார்த்தார். வைட்டமின் டி மட்டும் குறைவு. சென்னையில் யாருக்குத்தான் குறையவில்லை? இன்னொருவர், “மாதவிடாய் நிற்கிற வயசும்மா, அப்படித்தான் இருக்கும்” என்று முடித்துவிட்டார். நாலாவது ஆள் என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்து, “வீட்ல ஏதாவது டென்ஷனா சார்?” என்றார். இவர் என்னமோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவர் மாதிரி விழித்தார்.

தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். நார்மல் என்று ரிப்போர்ட் வந்த அன்று இவர் பாதுஷா வாங்கிக்கொண்டு வந்தார். அண்ணி போன் செய்து வாழ்த்தினாள். நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அன்றைக்கு அழுதது உண்மை. உனக்கு மட்டும் சொல்கிறேன் பார்வதி, ஏதாவது ஒன்று இருந்து தொலையட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் அந்த எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் போய்ப் படுத்திருந்தேன். எதுவும் இல்லை என்றால், இந்தத் தாடையை என்னவென்று சொல்வது? நாளாக ஆக, நான்தான் நடிக்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு கையையும் நீட்டி, எத்தனை எண்ணும்வரை நிற்கிறது என்று பார்ப்பேன். தானாக இறங்குகிறதா, நான் இறக்குகிறேனா என்று எனக்கே தெரியாது.

மே 15, காலை

நேற்றுப் பத்தரைக்கே நிறுத்தவேண்டியதாகிவிட்டது. அக்னி நட்சத்திரம் வேறு. வெயில் ஏற ஏற இந்த உபத்திரவமும் ஏறும். மார்கழியில் சாயங்காலம் ஆறு மணிவரை ஓடிய வண்டி இப்போது பதினொன்றுக்கே நின்றுவிடுகிறது.

எங்கே விட்டேன்? பொங்கலுக்குப் பொண்ணு கோயம்புத்தூரிலிருந்து வந்தாள். அவளுக்குத்தான் அந்த யோசனை வந்தது. ஒரே நாற்காலி, ஒரே ஜன்னல். காலை ஏழு, மத்தியானம் ஒன்று, ராத்திரி ஏழு. ஒன்பது நாள் படம் எடுத்தாள். வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கே பயமாக இருந்தது. காலையில் இரண்டு கண்ணும் சமம். ராத்திரியில் இடது இமை, பந்த் அன்றைக்குக் கடைக்காரன் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்த மாதிரி. அப்புறம் பழைய ஆல்பங்களைக் கிளறினாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் நாத்தனார் மகன் ரிசப்ஷனில், மேடையில் ஒரு குரூப் போட்டோ. ராத்திரி ஒன்பது மணிக்கு எடுத்தது. அதில் நான் தூங்கி வழிகிறேன் என்று குடும்பமே கிண்டல் செய்த படம். அதிலும் அதே இடது இமை.

அந்தப் படங்களோடு ஒரு நரம்பு டாக்டரிடம் போனோம். சாயங்கால கிளினிக். எனக்கு 23-ஆம் டோக்கன். வரவேற்பு மேஜைக்கு மேலே ‘மருந்து சீட்டு இல்லாமல் வரக்கூடாது’ என்று போர்டு. ‘மருந்துச் சீட்டு’ என்று இருக்கவேண்டும். ஆனால் எனக்குத்தான் எல்லாமே இரண்டிரண்டாகத் தெரிகிறதே, நானே ஒரு ச்-ஐப் போட்டுக்கொண்டேன். எட்டேமுக்காலுக்குக் கூப்பிட்டார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக டாக்டர் தாமதம் எனக்குச் சாதகமானது. உட்கார்ந்து உட்கார்ந்து நோய் முழுசாக வெளியே வந்திருந்தது.

இளம் பிள்ளை அவர், நம் பசங்கள் வயசு. படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பேசவில்லை. பிறகு, “அம்மா, மேலே ஃபேனையே பாருங்க, கண்ணை எடுக்காதீங்க” என்றார். பார்த்தேன். ஒரு நிமிஷம் ஆவதற்குள் இமை தானாகச் சரிந்தது. ஒன்றிலிருந்து சத்தமாக எண்ணச் சொன்னார். இருபது வரை வாத்தியார் குரல். முப்பத்துநாலில் மூக்குக்குள் போய்விட்டது. உடனே ஒரு ரப்பர் கையுறையை எடுத்துப் பையனிடம் கொடுத்து, கீழே மருந்துக்கடை ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் நிரப்பி வரச் சொன்னார். ஐந்து விரலும் உப்பிக்கொண்டு, குண்டுக் குழந்தையின் கை மாதிரி ஒன்று வந்தது. அதை என் மூடிய கண்மேல் வைத்து இரண்டு நிமிஷம் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். எடுத்தார். இமை மேலே போய்விட்டது. “அட, திறந்துடுச்சே!” என்று இவர் நாற்காலியைவிட்டே எழுந்துவிட்டார். குளிரில் அந்தத் தசைக்குக் கொஞ்சம் பலம் திரும்புமாம். எம்.ஆர்.ஐ. மெஷின் சொல்லாததை ஒரு பிடி ஐஸ் சொல்லியது.

சீட்டில் ‘? எம்.ஜி.’ என்று எழுதினார். எம்.ஜி.ஆர். தெரியும், இது என்ன என்று கேட்டேன். சிரித்தார். மயஸ்தீனியா கிராவிஸ் என்று விரித்துச் சொன்னார். எனக்கு உறுத்தியது பெயர் இல்லை, அந்தக் கேள்விக்குறி. பின்னால் வரவேண்டியது முன்னால் நிற்கிறது. டாக்டர்கள் அப்படித்தான் எழுதுவார்களாம். சந்தேகம் முதலில், பெயர் அப்புறம்.

நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்பும்போது அசிட்டைல்கோலின் என்று ஒன்றைச் சுரக்கிறது. அதை வாங்கிக்கொள்ளத் தசையில் இடங்கள் இருக்கின்றன. நம்மைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் அந்த இடங்களையே தாக்கி அடைத்துவிடுகிறது. தபால்காரர் வருகிறார், பெட்டியின் வாயில் காகிதத்தைத் திணித்து வைத்திருக்கிறார்கள். ஓய்வுக்குப் பிறகு நாலு தபால் உள்ளே போகும். வேலை செய்யச் செய்ய அதுவும் நிற்கும். அதனால்தான் காலையில் நான் ராணி.

பெயர் எனக்குப் புதிது, நோய் பழசு. 1672-லேயே இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் என்ற மருத்துவர், நீளப் பேசினால் பேச்சே நின்றுபோகிற ஒரு பெண்மணியைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். மருந்துக்குத்தான் 1934 வரை ஆயிற்று. கிரீனிச்சில் மேரி வாக்கர் என்ற பெண் டாக்டர், அம்பில் தடவும் குராரே விஷத்தால் வரும் தளர்ச்சியும் இதுவும் ஒரே சாயலில் இருக்கிறதே என்று யோசித்து, அந்த விஷத்துக்கு முறிவான ஃபைசோஸ்டிக்மினை ஊசியாகப் போட்டுப் பார்த்தாராம். இமை தூக்கிக்கொண்டது. அந்த நோயாளி அன்றைக்குக் கண்ணாடியில் என்ன பார்த்திருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

சரி, அப்புறம் என்ன என்கிறாயா? தசையின் அந்த இடங்களைத் தாக்கும் ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். நெகட்டிவ். பாதுஷா வாங்க வேண்டாம் என்று இவரிடம் முன்னாலேயே சொல்லிவிட்டேன். நெகட்டிவ் என்பதால் இல்லை என்று ஆகிவிடாதாம். நோய் கண்ணோடு நிற்கிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அப்படித்தான் வரும். மற்றவர்களிலும் சிலருக்கு வரும். மார்புக்கு சி.டி. எடுத்தது, அங்கே தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க. இல்லை. அதற்கு மட்டும் மனசாரச் சந்தோஷப்பட்டேன். நரம்பில் விட்டுவிட்டு ஷாக் கொடுத்துப் பார்க்கும் டெஸ்ட், ‘அப்படியும் சொல்லலாம், இப்படியும் சொல்லலாம்’ என்று வந்தது. இனி வரும் 22-ஆம் தேதி, புருவத்துக்குப் பக்கத்தில் மெல்லிய ஊசியைச் செருகித் தசை நார் ஒவ்வொன்றாகப் பார்க்கிற ஈ.எம்.ஜி. இருக்கிறது. அதுவரை மருந்து தரமாட்டேன், தந்தால் டெஸ்ட் குழம்பிவிடும் என்கிறார். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்: விழுங்கும்போது புரையேறினாலோ, மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் நேராக எமர்ஜென்சி. காய்ச்சல் என்று தெருமுனை டாக்டரிடம் போனாலும் இந்தச் சீட்டைக் காட்டாமல் ஆன்டிபயாட்டிக் வாங்காதே. சிலது இந்தத் தளர்ச்சியை அதிகமாக்கிவிடும். சீட்டை ஜெராக்ஸ் எடுத்துப் பர்சில் ஒன்று, ஃபிரிட்ஜ் கதவில் ஒன்று வைத்திருக்கிறேன்.

ஊரில் எல்லோருக்கும் வைத்தியம் தெரிந்திருக்கிறது. மாடிவீட்டு மாமி முடக்கத்தான் தோசை அனுப்புகிறாள். அண்ணி வைத்தீஸ்வரன்கோயில் போய்த் திருச்சாந்துருண்டை வாங்கி வந்தாள். அதை மறுக்கவில்லை, விழுங்கச் சின்னதாகத்தான் இருந்தது. பூசணிக்காய் சுற்றி முச்சந்தியில் உடைத்ததைத்தான் தாங்க முடியவில்லை. நம் தெருவில் ஏற்கெனவே ஸ்கூட்டர் வழுக்கும்.

நீ வேலையை விடச் சொன்னாய். விடமாட்டேன். முதலாளி ஒன்பதரையை எட்டு ஆக்கித் தந்திருக்கிறார். பதினொன்றுவரை நானே பார்ப்பேன். அப்புறம் ஒரு பெண் வாய்விட்டுப் படிக்க, நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன். பிழை காதுக்கும் தெரியும் என்பது இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. வீட்டில், கண்ணாடியின் இடது பக்கம் இவர் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டிக் கொடுத்திருக்கிறார். கடற்கொள்ளைக்காரி மாதிரி இருக்கிறேன், ஆனால் எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது. சாப்பாடு மத்தியானத்தோடு சரி. ராத்திரி இடியாப்பம் பாலில் ஊறியது, இல்லாவிட்டால் கஞ்சி. தலை வாரும்போது கை பாதியில் இறங்கிவிடுவதால் முடியைக் கழுத்தோடு வெட்டிவிட்டேன். குவீன் மேரிஸ் ஹாஸ்டலில் என் பின்னலைப் பிடித்து இழுத்தே என்னை எழுப்புவாயே, இனி அது நடக்காது.

கருப்பட்டி விஷயம்: சில்லைக் கடிக்க முடியவில்லை. இவர் உலக்கையால் தட்டித் தூளாக்கித் தருகிறார், காப்பியில் போட்டுக் குடிக்கிறேன். அடுத்த தடவை தூளாகவே அனுப்பு. போன் செய்வதென்றால் காலையில் செய், பத்து மணிக்குள். நீதான் எப்படியும் ஏழு மணிக்கே புடவை கட்டி உட்கார்ந்திருக்கிறாயே.

மணி பத்து இருபது. கடைசி வரி லேசாக இரண்டாகிறது. 22-க்குப் பிறகு எழுதுகிறேன். அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

உன்,
கல்யாணி