அவசர சிகிச்சை வாசல்ல ஒரு போர்டு வைங்க: ரெண்டு மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர்கள் ரெண்டு பேருக்கும் வணக்கமுங்க.

நான் தற்கொலை தடுப்பு ஹெல்ப்லைன்ல ராத்திரி ஷிப்ட் பேசுற வாலண்டியர். போன்ல யாரு என்ன சொன்னாங்கன்னு பெத்த அம்மாகிட்ட கூட சொல்றதில்ல, அதனால எனக்கு வந்த எந்த போன் பேச்சையும் பத்தி இங்க எழுத மாட்டேன். ஆனா ஒரு பயம் மட்டும் ஆள் மாறினாலும் மாறாம வந்துக்கிட்டே இருக்கு. ஏற்கனவே ஏதோ பண்ணிக்கிட்டவங்ககிட்ட 108க்கு போன் போடலாங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்கு போயிடலாம்னு கெஞ்சினா, "வேணாங்க, போலீஸ் வரும், கேஸ் ஆயிடும், ஊரு பூரா தெரிஞ்சிரும்"ங்கறாங்க. வீட்டு ஆளுங்களும் அதே பயத்துல டாக்டர்கிட்டயே "தெரியாம குடிச்சிட்டா"ன்னு சொல்லிடறாங்க, இல்லன்னா நாட்டு வைத்தியம் அது இதுன்னு பாத்து இருக்கற நேரத்தையும் விட்டுட்டு கடைசில ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடறாங்க.

உங்களுக்கு சட்டம் சொல்ற அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லீங்க. 2017 மனநல பராமரிப்பு சட்டம், பிரிவு 115, 2018 மே மாசத்துல இருந்து நடைமுறையில இருக்கு. தற்கொலைக்கு முயற்சி பண்ணவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்தாங்கன்னுதான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாது, திரும்ப அப்படி நடக்காம இருக்க சிகிச்சையும் மறுவாழ்வும் குடுக்கறது அரசோட கடமைன்னு அதுல எழுதியிருக்கு. தற்கொலை முயற்சிய குற்றம்னு சொன்ன பழைய ஐபிசி 309ஐயும் 2024 ஜூலை 1ல வந்த புது சட்டத்துல எடுத்தாச்சு. ஒரு அரசு ஊழியர கட்டாயப்படுத்தவோ அவரு வேலைய தடுக்கவோ தற்கொலைக்கு முயற்சி பண்ணா மட்டும்தான் இப்ப குற்றம். இதெல்லாம் உங்களுக்கு தெரியும். பென்னாகரத்துல இருக்கற ஒரு அம்மாவுக்கு யாருங்க சொன்னது?

இப்ப இத எழுத வெச்சது எங்க சொந்தத்துல நடந்தது. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லல, சொன்னா கீழ இருக்கற யாராச்சும் ஒருத்தர் தலையிலதான் விழும். ஒரு பொண்ணு, மூக்குல ட்யூப், கையில ட்ரிப்ஸ், பேசவே முடியல. கட்டில் கால்மாட்டுல யூனிபார்மோட ஒருத்தர் நோட்டு எடுத்துட்டு வந்து நின்னு வார்டுக்கே கேக்கற மாதிரி "லவ் மேட்டரா, புருஷன் சண்டையா?"ன்னு கேட்டாரு. பக்கத்து பெட்டுக்கு சோறு ஊட்டிட்டு இருந்த அம்மா அப்படியே கைய நிறுத்திட்டு திரும்பி பாத்தாங்க. அந்த பொண்ணு செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா, அப்புறம் டாக்டர் கேட்டாலும் வாயத் தொறக்கல. மறுநாள் காலைல அவங்க அம்மா கையெழுத்து போட்டு வீட்டுக்கு கூட்டிட்டு போயிட்டாங்க. மனநல டாக்டர் பாக்கவே இல்ல. ஒரு தடவ முயற்சி பண்ணவங்களுக்கு அடுத்து வர்ற நாளும் வாரமும்தான் ரொம்ப ஆபத்து, அந்த நேரத்துலதான் அவள தனியா விட்டோம்.

ஆஸ்பத்திரி எம்எல்சி, அதாவது போலீசுக்கு தகவல் சொல்ற கேஸா பதிவு போடறத நான் தப்பு சொல்லல, அது அவங்க வேலை. யாராச்சும் அடிச்சு கொடுமப்படுத்தி இந்த நிலைக்கு தள்ளியிருந்தா விசாரிச்சுத்தான் ஆகணும். ஆனா அத ஒரு பெண் போலீஸ் சாதா டிரஸ்ல, தனி ரூம்ல, டாக்டர் சரின்னு சொன்ன பிறகு கேக்கலாமே, கேக்கற விதம்னு ஒண்ணு இருக்குல்ல.

அதனால கேக்கறது இதுதான். எல்லா அரசு ஆஸ்பத்திரி அவசர சிகிச்சை வாசல்லயும் பெரிய எழுத்துல ஒரு போர்டு: "தற்கொலைக்கு முயற்சி செய்தது குற்றம் இல்லை. வழக்கு போட மாட்டார்கள். பயப்படாமல் உண்மையை டாக்டரிடம் சொல்லுங்கள்." கீழ மனசு சரியில்லன்னா பேசறதுக்கான 14416, 104 ரெண்டு ஹெல்ப்லைன் நம்பரும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் தெலுங்குலயும் கன்னடத்துலயும் சேத்து வைங்க.

மனசுல இருக்கறத இன்னொண்ணும் சொல்லிடறேன். குழுக்கடன் தவணை கட்டலன்னு வசூலுக்கு வர்றவங்க வீட்டு வாசல்ல சாயங்காலம் வரைக்கும் உக்காந்துக்கிட்டு, பிள்ளைங்க முன்னாடியே ஒரு பொம்பளைய கேவலமா பேசறாங்க. கடன் வசூல் மிரட்டலுக்கு எதிரா 2025ல தமிழ்நாடு அரசு தனி சட்டமே போட்டுச்சு, அதுவும் ஊருக்குள்ள வந்து சேரல. சட்டம் போடறாங்க, ஜிஓ வருது, பேப்பர்ல வருது, அப்புறம் அது எங்கதான் போகுது? சென்னைல இருந்து இங்க வர்றதுக்குள்ள தீந்து போயிடுதா? போன்ல நாங்க விடிய விடிய பேசி ஒருத்தர ஆஸ்பத்திரிக்கு கிளம்ப வெச்சா, அங்க போயி அவங்க அசிங்கப்பட்டு திரும்பறதுக்கா?

கோவத்துல கொஞ்சம் அதிகமா பேசியிருந்தா மன்னிச்சிடுங்க. திரும்பவும் பணிவா கேட்டுக்கறேன், அந்த போர்டு வைங்க. டிஸ்சார்ஜ்க்கு முன்னாடி மாவட்ட மனநலத் திட்டத்துல இருந்து ஒருத்தர் கட்டாயம் பாத்து பேசணும்னு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்க. போர்டுக்கு நிதி இல்லன்னா பெயிண்ட் செலவ நாங்க வாலண்டியர்களே ஏத்துக்கறோம், எந்த செவுத்துல எழுதலாம்னு மட்டும் உத்தரவு குடுங்க.

இப்படிக்கு,
ஒரு ஹெல்ப்லைன் வாலண்டியர், தருமபுரி