புளியமரப் பட்டை

மதுரை,
ஐப்பசி

மாப்ள சேது,

தீபாவளியன்று நீ போன் செய்தும் நான் திரும்பக் கூப்பிடாதது தப்புதான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மீனா கல்யாணம் தை கடைசியில். நீ வராவிட்டால் பேசவே மாட்டாளாம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அழகர்கோயில் ரோட்டில் நாம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நுங்கு தின்போமே, அந்தப் புளியமரம் போய்விட்டதுடா. பங்குனியில் அடியோடு வெட்டிவிட்டார்கள். நான் போனபோது கட்டைகள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. கையகலப் பட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். அதில் பாசி பீடித்தூள் மாதிரி கருகி ஒட்டியிருந்தது. கத்திரி வெயில் முழுக்க பீரோ மேலேயே கிடந்தது.

போன வாரம் மழை பிடித்த ராத்திரி ஞாபகம் வந்து, அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். சுருண்டு கிடந்த பாசி இலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. காபி ஆறுவதற்குள் பச்சை! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏழு மாசம்டா! அதற்கு வேர் கிடையாது, மரத்தின் சாற்றை உறிஞ்சுவதும் இல்லை. பெரும்பாலும் ஒரே செல் கனமுள்ள இலை. மழையை அதிலேயே குடித்துக்கொள்கிறது. இதைப் போய் மரத்துக்கு நோய் என்று சுரண்டிப் போடுகிறார்களே, வயிறு எரிகிறது.

அன்றிலிருந்து பாசியைப் பற்றித்தான் படிக்கிறேன். பார்த்தால் அது உன் வீட்டுப் பக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது. லண்டன் ஓரத்து எப்பிங் காட்டில் சைகோடான் ஃபோர்ஸ்டெரி என்றொரு பாசி இருக்கிறது. பிரிட்டனிலேயே அங்கும் இன்னும் சில இடங்களிலும்தான் உண்டு. வயசான பீச் (beech) மரத்தில் கிளை போன இடத்தில் பொந்து விழுமல்லவா, அதில் மழைத்தண்ணீர் தேங்கி வழிகிற தடத்தில் ஒட்டி வளரும். அந்தக் காட்டு மரங்களை ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக விறகுக்குத் தலைவெட்டி வந்தார்கள். 1878-ல் சட்டம் வந்து அதை நிறுத்தியது. அவர்கள் வெட்டியது தலையை மட்டும், அதனால் மரம் நின்றது, காயம் பொந்தானது, பாசிக்கு இடம் கிடைத்தது. நம் புளியமரத்துக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை.

இருபது வருஷமாக அங்கே இருக்கிறாய், எந்தக் கடையில் தோசை முறுகலாக இருக்கும் என்பதுதான் உனக்குத் தெரியும். இந்த ஞாயிறு கிளம்பு. ஒரு லென்ஸ் எடுத்துக்கொள். பழைய பீச் மரமாகப் பார்த்துப் பொந்துக்குக் கீழே தேடு. கிள்ளிவிடாதே, போட்டோ மட்டும் போதும்.

என் பட்டையைக் கொல்லை வேம்பின் கவட்டையில் சணலால் கட்டி வைத்திருக்கிறேன். நேற்றும் நல்ல மழை. காலையில் பார்த்தேன், பச்சை அப்படியே இருக்கிறது.

உன்,
பாண்டி